குருவி, முயல், மாடு, யானை

ஹுஸைன்: இன்னும் எத்தின படி ஈக்கி டீச்சர்?

விஜயகலா: இப்பத்தான் அறுவது ஏறியிருக்கீங்க சேர். மொத்தம் இருநூத்தி நாப்பது.

ஹுஸைன்: யா அல்லாஹ்... இந்தப் படியக் கட்டினவன் மனிசனா, ஆடா?

விஜயகலா: வெள்ளக்காரத் தொர கட்டுனது. அவரு ஏறல. நீங்களும் இன்னிக்கித்தான் ஏறுறீங்க.

ஹுஸைன்: குத்திட்டீங்க.

விஜயகலா: குத்தல, எண்ணிச் சொன்னேன். மூணு வருசத்துல நாலு தடவ எங்க முன்பள்ளியப் பாக்க வந்தீங்க. நாலு தடவயும் கீழ தேத்தண்ணிக் கடையோட சரி.

ஹுஸைன்: ஏன்... நீங்கதான் புள்ளைகள எறக்கிக் கொண்டு வந்தீங்களே! ஒரு கயித்தப் புடிச்சிக்கிட்டு, வரிசையா, பாட்டுப் பாடிக்கிட்டு. பதினெட்டுத் தல. எண்ணினேன். டொபி குடுத்தேன்.

விஜயகலா: கையெழுத்தும் போட்டீங்க.

ஹுஸைன்: மெதுவாப் பேசுங்க...

விஜயகலா: யாரு கேக்கப் போறா? ஞாயித்துக்கெழம. லயத்து வீட்டு ஆளுங்க எல்லாம் நிவித்திகலக்கி சாமான் வாங்கப் போயாச்சி. இங்க இருக்கது அட்டதான். அந்தா, உங்க செருப்புல ஒண்ணு.

ஹுஸைன்: எங்க? அனே! உப்பு கிப்பு கொண்டு வந்தீங்களா?

விஜயகலா: இல்லீங்க. எங்க ரத்தம் குடிச்சிக் குடிச்சி அதுக்கும் அலுத்திருக்கும். உத்தியோகத்தர் ரத்தம் எப்பவாச்சும்தானே கெடைக்கிது. குடிச்சிட்டுப் போகட்டும்.

ஹுஸைன்: உங்கட வாய்க்கு நீங்க சந்தையில கட போட்டீக்கணும்.

விஜயகலா: அந்தப் பையக் குடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன். மூச்சு வாங்குது உங்களுக்கு.

ஹுஸைன்: வேணாம் வேணாம். பை கெடக்கட்டும்.

விஜயகலா: சும்மா குடுங்க சேர்...

ஹுஸைன்: வேணாம் என்டு செல்றேனே!

விஜயகலா: சரிங்க. நான் தொடல.

ஹுஸைன்: கோவிக்காதீங்க. அரசாங்கக் கந்தோர்க் கடுதாசி. அதான்.

விஜயகலா: இந்தக் கல்லுல ஒக்காருங்க. முழங்கால நீட்டி வைங்க... இப்பச் சொல்லுங்க. ஜீப்பு இல்லாம, கூட ஒரு ஆளு இல்லாம, ஞாயித்துக்கெழம எதுக்கு வந்தீங்க?

ஹுஸைன்: சும்மா. பாத்துட்டுப் போகத்தான்.

விஜயகலா: மண்ணு சரிஞ்சி அஞ்சு கெழம ஆச்சி.

ஹுஸைன்: அன்னக்கி வந்தேனே.

விஜயகலா: கீழ வரைக்கும்.

ஹுஸைன்: டீச்சர்... நாளக்கிப் பத்து மணிக்கி விசாரண. உங்களுக்கும் கடிதம் வந்தீக்குந்தானே?

விஜயகலா: வந்துச்சி. சிங்களத்துல. கணக்கப்புள்ள வாசிச்சிச் சொன்னாரு.

ஹுஸைன்: என்ன செய்ற, எங்கட கந்தோர்ல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். தமிழ்ல ஒரு துண்டு வந்தாலும் என்ட மேசைக்கித்தான் வரும்... நாளக்கி என்னக் கேப்பாங்க. பின்சொவர் எந்தப் பக்கம், சொவருக்கும் மண்மேட்டுக்கும் எத்தின அடி, யன்னல் எத்தின. நாலு ஃபாரத்துலயும் "பின்சொவர் நல்ல நிலை" என்டு எழுதியீக்கிறேன். எந்தச் சொவர் என்டாச்சும் தெரிய வேணாமா?

விஜயகலா: சோதனைக்கி மொத நாளு புஸ்தகம் தொறக்கிற புள்ள மாதிரி.

ஹுஸைன்: சிரிங்க, சிரிங்க. எனக்குப் பென்ஷனுக்குப் பதினொரு மாசம் ஈக்கி.

விஜயகலா: நான் சிரிக்கலீங்க சேர்.

ஹுஸைன்: ...எழும்புவம். இன்னும் எவ்ளோ?

விஜயகலா: நூத்தி இருவது. பாத்து, பாசி புடிச்சிருக்கு. புள்ளைங்க வழுக்காம ஏறும். அதுங்களுக்கு எந்தக் கல்லு ஆடும்னு தெரியும்.

ஹுஸைன்: ஒரு பேச்சுப் பேசுவம் டீச்சர். ஒளிச்சு மறைச்சு இல்ல, யாவாரப் பேச்சு.

விஜயகலா: பேசுங்க.

ஹுஸைன்: நான் மேல வந்து பாத்தேன் என்டு நீங்க ஒரு சொல் செல்லுங்க. அது போதும்.

விஜயகலா: எனக்கு?

ஹுஸைன்: மழ கொட்டினது, மல சரிஞ்சது, ஆருக்கும் முன்னுக்கே தெரியாது என்டு நான் எழுதுறேன். உங்கட பேர் வராது.

விஜயகலா: என் பேரு எதுக்கு வரணும்?

ஹுஸைன்: கேப்பாங்களே. மத்தப் புள்ளைகள் எல்லாம் வெளியில ஈக்கக்குள்ள ஒரு புள்ள மட்டும் ஏன் உள்ள ஈந்த என்டு. நான் கேக்கல்ல. அவங்க கேப்பாங்க.

விஜயகலா: கஞ்சி குடிக்கிற நேரம் சேர். வரிசையா வெளிய நிப்பாட்டி கை கழுவி உட்டுக்கிட்டிருந்தேன். ஹர்ஷிகா அவ கோப்பைய உள்ள வச்சிட்டேன்னு ஓடுனா. "ஓடாதடி, வழுக்கும்"னு சத்தம் போட்டேன். வழுக்கும்னுதான் பயந்தேன்... வேற எதுக்கும் பயப்படல அந்த நேரம்.

ஹுஸைன்: நாலு வயசா?

விஜயகலா: கார்த்திக மாசம் வந்தா நாலு.

ஹுஸைன்: ...அந்தத் தாய் இப்ப எப்படி ஈக்கிறா? ஷாமிளா?

விஜயகலா: எப்பிடி இருப்பா? வேலைக்கிப் போறா. பத்து மணிக்கி கொழுந்து நிறுத்ததும் மத்தவங்க தேத்தண்ணி குடிப்பாங்க, இவ இங்க ஏறி வந்து நிப்பா. புள்ள இருந்தப்ப அதப் பாத்துட்டுப் போக வந்த நேரம் அது. கால் பழகிருச்சி.

ஹுஸைன்: உங்களோட பேசுறாவா? ஏதாச்சும்... சொன்னாவா?

விஜயகலா: என்னத்தச் சொல்லணும்?

ஹுஸைன்: இல்ல, சும்மா. முந்தி ஆரும் முறைப்பாடு செஞ்சாங்க, கடிதம் கிடிதம் போட்டாங்க... அப்படி.

விஜயகலா: எனக்குத் தெரிஞ்சி இல்ல. பையில என்ன சேர் அப்பிடி? அந்தப் பையவே தடவுறீங்க.

ஹுஸைன்: ஒன்டுமில்ல... எங்க வாப்பா கல் யாவாரி, தெரியுமா? இரத்தினபுரியில. அவர் செல்வார், கல்லுல விரிசல் ஈந்தா வாங்குறவன்ட கண்ணு கண்டுபிடிக்கட்டும், விக்கிறவன் வாயத் தொறக்கப்படாது என்டு.

விஜயகலா: வாங்குறவன் கண்ண மூடிக்கிட்டா?

ஹுஸைன்: அப்ப அவன் யாவாரி இல்ல.

விஜயகலா: உத்தியோகத்தர்.

ஹுஸைன்: ...போதும் டீச்சர்.

விஜயகலா: வந்தாச்சி. ஆபத்துன்னு கட்டியிருக்க அந்தச் செவப்புப் பட்டிய தூக்கிட்டுக் குனிஞ்சி வாங்க. மழத்தண்ணி தேங்கியிருக்கு.

ஹுஸைன்: இதா? இவ்ளோ சின்னதா? ஃபாரத்துல எழுதக்குள்ள பெருசா ஈந்த.

விஜயகலா: பதினெட்டு பாய் விரிக்கலாம். இப்ப பாதி மண்ணு.

ஹுஸைன்: அல்லாஹ்... மேட்டுக்கும் சொவருக்கும் ரெண்டு அடி வராதே. கைய நீட்டினா மல!

விஜயகலா: எழுதிக்கிங்க. நாளைக்கி கேப்பாங்க.

ஹுஸைன்: இந்த மூலையில கொஞ்சம் நிக்கிதே, இதா பின்சொவர்? படம் ஒன்டு ஒட்டியீக்கி. யான... பாதி யான. தலையக் காணல்ல.

விஜயகலா: தல மண்ணோட போச்சி.

ஹுஸைன்: கனமா ஈக்கி தாள். ஒன்டுக்கு மேல ஒன்டா?

விஜயகலா: உடுங்க சேர். தொடாதீங்க.

ஹுஸைன்: யானைக்குக் கீழ மாடு... மாட்டுக்குக் கீழ முயல்... இது என்ன, குருவியா? டீச்சர், இது...

விஜயகலா: உடுங்கன்னேன்ல!

ஹுஸைன்: வெடிப்பு. என்ட நாலு விரல் போகுது. இது அன்னக்கி வெடிச்சதில்ல. ஓரமெல்லாம் கறுத்து ஈக்கி. பழசு. எப்ப ஈந்து?

விஜயகலா: போன வருசத்துக்கு மொத வருசப் பொங்கலுக்கு ஒரு மயிரிழை மாதிரி வந்துச்சி. குருவி படம் போதுமா இருந்திச்சி. அடுத்த மழைக்கி மொசலு. அப்புறம் மாடு. கடைசியா... கட முழுக்கத் தேடி அந்த யானைய வாங்குனேன். அதுதான் இருந்ததுலயே பெரிசு.

ஹுஸைன்: ஆருக்கும் செல்லல்லயா?

விஜயகலா: சொன்னேனே! தோட்டத் தொரகிட்ட சொன்னேன், கட்டடம் பிரதேச சபையோடதுன்னாரு. சபையில சொன்னேன், நெலம் தோட்டத்தோடதுன்னாங்க. ஒரு மேசன் பாஸக் கூட்டியாந்து காமிச்சேன், மேட்ட வெட்டாம செவரப் பூசி வேலையில்லன்னு போயிட்டாரு.

ஹுஸைன்: எனக்குச் செல்லல்லயே.

விஜயகலா: உங்ககிட்டச் சொன்னா பூட்டுவீங்க. உங்ககிட்ட இருக்கது பூட்டு மட்டுந்தானே சேர்? தோட்டத்து மேக்கணக்குப் பிரிவு முன்பள்ளிய, கூர ஆபத்துன்னு பூட்டுனீங்க. திருத்த ஒருத்தரும் வரல. தாய்மாரு கொழுந்துக்குப் போகாம என்ன செய்வாங்க? புள்ளைங்கள லயத்துக்குள்ள உட்டுட்டுப் போனாங்க. ஐயாவு மகன் கொதிதண்ணிய மேல ஊத்திக்கிட்டான். இன்னும் கழுத்து திரும்பல அவனுக்கு.

ஹுஸைன்: அதால...

விஜயகலா: அதால யான வாங்குனேன்.

ஹுஸைன்: அப்ப... ஒவ்வொரு முற நான் வரக்குள்ளயும், "சேருக்கு முழங்கால் சரியில்ல, ஏற வேணாம், நாங்களே எறங்கி வர்றோம்" என்டு நீங்க செல்லி அனுப்பினது...

விஜயகலா: உங்க முழங்கால் வலி எனக்குச் சாமி குடுத்த வரம். நீங்க வர்ற நாளு மழ பெய்யணும்னு மாரியம்மனுக்கு வெளக்கு ஏத்துவேன். நாலு தடவயும் பெஞ்சிச்சி. அஞ்சாவது தடவ... கேக்காமலே பெஞ்சிச்சி.

ஹுஸைன்: நான் மூணு வருசம் நெனச்சேன், மேல வராம நான்தான் உங்கள ஏமாத்துறேன் என்டு.

விஜயகலா: ரெண்டு பேரும் ஏமாத்துனோம். ஏமாந்தது ரெண்டு பேரும் இல்ல. இன்னொண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லல. யான வந்ததுல இருந்து ஹர்ஷிகா வேற எங்கயும் ஒக்கார மாட்டா. யானைக்கிட்டதான் அவ பாயி. கோப்பையும் யானைக்குக் கீழதான். நான் நல்ல படமாப் பாத்து வாங்கினேன் சேர்... நீங்க எப்பவாச்சும் ஏறி வந்தாக்கூட படத்தத்தான் பாக்கணும், செவரப் பாக்கக் கூடாதுன்னு. நீங்க பாக்கல. அவ பாத்தா.

ஹுஸைன்: டீச்சர்... அழுவாதீங்க. ஒக்காருங்க.

விஜயகலா: நான் அழல. கேளுங்க. கீழ ஒரு பேச்சுப் பேசுனீங்களே... அதுக்கு நான் சரி.

ஹுஸைன்: எது?

விஜயகலா: நாலு தடவயும் மேல ஏறி வந்தீங்க. செவரத் தட்டிப் பாத்தீங்க. அப்ப ஒரு கீறலும் இல்ல. நாளைக்கி மாரியம்மன் மேல சத்தியம் பண்ணிச் சொல்றேன். நீங்க பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும்.

ஹுஸைன்: என்ன?

விஜயகலா: இந்தப் பாதி யானைய உரிச்சி உங்க பையில போட்டுக் கொண்டு போயிருங்க. என்னால கைய வைக்க முடியல. அஞ்சு கெழமயா வர்றேன், தொட்டுட்டுத் தொட்டுட்டுப் போறேன். ஷாமிளாவுக்கு மட்டும் இது தெரியப்படாது. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது சேர். அக்கா அக்கான்னு கால சுத்துவா. புள்ளயக் கொண்டாந்து உட்டுட்டு, "ஒங்ககிட்ட இருந்தா எனக்குப் பயமில்லக்கா"ம்பா. மூணாம் நாளு சடங்குக்குப் போனப்பக்கூட என் கையப் புடிச்சிக்கிட்டு, நீ என்னக்கா செய்வன்னா. இத மட்டும் அவ பாத்தான்னா... என்ன சேர்? நீங்க கேட்ட வெலதானே? நான் கொறைக்கக்கூட இல்லியே?

ஹுஸைன்: முடியாது டீச்சர்.

விஜயகலா: ஏன்? இதுக்குத்தானே இருநூத்தி நாப்பது படி ஏறி வந்தீங்க!

ஹுஸைன்: அதுக்குத்தான் வந்தேன்... இந்தக் கடுதாசி பத்தி வேற ஆருக்காச்சும் தெரியுமா என்டும் பாக்க வந்தேன். தெரியாட்டி கிழிச்சிட்டுப் போவம் என்டு.

விஜயகலா: எந்தக் கடுதாசி?

ஹுஸைன்: ஷாமிளா எத்தினாம் வகுப்பு மட்டும் படிச்சா?

விஜயகலா: எட்டு. நல்லா எழுதுவா. ஏன்... சேர், ஏன்?

ஹுஸைன்: இந்தாங்க. தேதியப் பாருங்க, மண் சரியிறதுக்கு இருவத்திரெண்டு நாளைக்கி முந்தி. யானப் படத்துக்குப் பின்னால சொவர் வெடிச்சிருக்கு, எம் புள்ள அதுக்குள்ள வெரல உட்டு வெளாடுது என்டு எழுதியீக்கிறா. டீச்சர் எங்க புள்ளைங்களுக்காகத்தான் மறைக்கிறாங்க, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க, நான் எழுதுனது அவங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிருவாங்க, பூட்டவும் வேணாம், நீங்க ஒருக்கா மட்டும் மேல ஏறி வந்து பாருங்க சேர் என்டு... கடைசியில "ஒருக்கா"வுக்குக் கீழ கோடு போட்டீக்கிறா. வாசிச்சேன் டீச்சர். மழ விடட்டும், போவம் என்டு மடிச்சிப் பையில வெச்சேன்.