ஏழு நிமிஷ மோட்டார்

கிட்ட வாருங்கள். காலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். பாதியில் எழுந்து துணைக்குக் கூப்பிட்டால் நான் வர மாட்டேன்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது உச்சி வெயிலில். மணி பன்னிரண்டு. கத்திரி. மரக்காணத்து உப்பளத்துக்கு நடுவே போகிற ரோடு. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு... கண்ணைத் திறக்க முடியாது. உப்பு வாருகிறவர்கள் காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு காக்கா கிடையாது. அந்த ரோட்டில் குமரேசன் மட்டும் பைக்கில் போய்க்கொண்டிருந்தார்.

குமரேசன் யார் என்றால், என்னோடு வேலை பார்க்கிற இனியவன் இருக்கிறானே, அவனுடைய தாய்மாமன். திண்டிவனத்தில் மெக்கானிக். ஆயில் என்ஜின், பம்ப் செட், படகு மோட்டார், எது கொண்டுபோனாலும் பிரித்துப் போடுவார். ஆனால் அசிங்கம் பார்க்கிற ஆள். கிரீஸ் மட்டும்தான் அவருக்கு அழுக்கு இல்லை, உலகத்தில் மற்றதெல்லாம் அழுக்கு. டீக்கடையில் டம்ளரை மூன்று தடவை கழுவச் சொல்லித் திட்டு வாங்குவார். அப்படிப்பட்ட மனுஷனுக்கா இது வர வேண்டும்?

அன்றைக்கு அவர் பையில் ஒரு புது இம்பெல்லர் இருந்தது. தண்ணீரை மேலே இழுக்கிற ரப்பர் சக்கரம். அதே சக்கரத்தை அதே மோட்டாருக்கு மூன்றாவது தடவையாக மாற்றப் போகிறார். வண்டி ஓட்டிக்கொண்டே எச்சில் துப்பிக்கொண்டு போனார். அந்த மோட்டாரை நினைத்தாலே குமட்டியது.

மோட்டார் சவுரிராயனுடையது. கடலோரக் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்துப் பிழைக்கிறவர். மோட்டாருக்கு இருபது வயசு. போன மாதம் குமரேசனிடம் கொண்டுவந்து போட்டார். குமரேசனும் பிஸ்டன் மாற்றினார், கிராங்க் மாற்றினார், கார்புரேட்டர், காயில் எல்லாம் மாற்றினார். மேல்பாதி கிட்டத்தட்டப் புது மோட்டார். கீழ்ப்பாதிதான் தகராறு. தண்ணீருக்குள் இறங்குகிற பாகம், கியரும் ப்ரொப்பெல்லர் விசிறியும் இருக்கிற பாகம், அதை லெக் என்பார்கள். அது விரிசல் விட்டிருந்தது. குமரேசன் விழுப்புரத்தில் ராஜாமணி என்கிற காயலாங்கடைக்காரரிடம் ஒரு பழைய லெக் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டாம். பழைய சாமான் எது வாங்கினாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்கள், அது எந்தப் படகில் இருந்தது என்று. பதில் வராவிட்டால் சும்மா கொடுத்தாலும் தொட மாட்டார்கள். குமரேசன் கடற்கரை ஆள் இல்லை. நெல் வயலுக்குப் பம்ப் செட் பார்த்து வளர்ந்தவர். அவருக்கு லெக் என்றால் லெக், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

சவுரிராயன் கேட்டார்.

"இது யாரு போட்டுல இருந்துச்சுண்ணா?"

"புதுசுப்பா. மெட்ராஸ்லருந்து பார்சல்ல வந்துச்சு."

வாய் கூசாமல் சொன்னார். லெக்கை டீசலில் கழுவி, சலவைச் சோடாவில் ஊற வைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார். ஏன் அவ்வளவு கழுவினார் என்றால்... அதில் ஒரு நாற்றம் இருந்தது. ஊறப் போட்டு மறந்துபோன கேப்பை நாறுமே, புளித்து, நுரைத்து, அந்த மாதிரி. இரண்டு நாள் கழுவியும் அடியில் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருந்தது.

கடையில் தண்ணீர் ட்ரம்மில் இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் பூ மாதிரி ஓடியது. சவுரிராயன் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் போன் வந்தது.

"அண்ணா, ஏழு நிமிஷம் ஓடிச்சு. கரெக்டா முகத்துவாரத்துல நின்னுடுச்சு. போட்டு குறுக்கால திரும்பிடுச்சுண்ணா. மாதாதான் காப்பாத்துச்சு."

முகத்துவாரம் என்றால் உப்பங்கழி போய்க் கடலில் விழுகிற இடம். அங்கே அலை நிமிர்ந்து நிற்கும். மோட்டார் நின்றால் ஒரு அலை படகைக் குறுக்கே திருப்பும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். படகுத் துறையிலிருந்து அந்த இடம் சரியாக ஏழு நிமிஷம். புரிகிறதா? அந்த மோட்டார் வேறு எங்கே நின்றாலும் பேஜாருதான். ஆனால் அது நிற்கிற இடத்தில் நின்றால் ஆள் காலி.

குமரேசன் போனார். ப்ளக் பார்த்தார், நெருப்பு வந்தது. பெட்ரோல் டியூப் பார்த்தார், அடைப்பு இல்லை. டேங்க் மூடியில் காற்றுத் திருகை மூடி வைத்துவிட்டு மோட்டாரைத் திட்டுகிறவர்கள் உண்டு, அதையும் பார்த்தார். திறந்துதான் இருந்தது. கடைசியாக லெக்கைக் கழற்றி, அதன் தலையில் இருக்கிற தண்ணீர் பம்பைத் திறந்தார்.

முடி.

நீள முடி... ரப்பர் சக்கரத்தைச் சுற்றிச் சுருண்டு, வழவழவென்று, சாக்கடை அடைப்பை எடுக்கும்போது வருமே அப்படி. குறட்டால் பிடித்து இழுத்தார். முழத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் முடியோடு சிக்கிக்கொண்டு ஒரு நகம் வந்தது. கட்டை விரல் நகம், முழுசாக. அடியில் வெள்ளையாகச் சதை ஒட்டியிருந்தது. நகம் முழுக்க மருதாணி.

குமரேசன் கையை உதறினார். சேற்றில் தள்ளிப் போய் நின்று வாந்தி எடுத்தார். எவனோ குப்பையைக் கழியில் கொட்டியிருக்கிறான் என்று ஊரையே கெட்ட வார்த்தையில் திட்டினார். நகத்தைத் தண்ணீரில் வீசினார். புதுச் சக்கரம் போட்டு மூடினார். மண்ணெண்ணெயில் கை கழுவி, சோப்பில் கழுவி, மறுபடி சோப்பில் கழுவி, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார்.

ஒரு வாரத்தில் மறுபடி போன். மறுபடி ஏழு நிமிஷம், மறுபடி முகத்துவாரம். பம்பைத் திறந்தார். மறுபடி முடி. மறுபடி நகம். அதே கட்டை விரல், ஓரத்தில் அதே சின்ன வெட்டு. ஆனால் இந்தத் தடவை மருதாணி பாதி நகத்தில்தான் இருந்தது. அடியில் பாதி புது வெள்ளை.

நகம் வளர்ந்திருந்தது.

பக்கத்தில் நின்ற சவுரிராயனுக்குத் தெரியாமல் பழந்துணியில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சக்கரத்தை மாற்றி மூடினார். திண்டிவனம் வருகிற வழியில் அந்தத் துணி தொடையில் ஈரமாக ஒட்டிக்கொண்டே வந்தது. துணியை முள் காட்டில் எறிந்துவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, ராஜாமணிக்குப் போன் போட்டார்.

"யோவ், அந்த லெக்கு எந்த போட்டோடது?"

ராஜாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு சொன்னார். "அது ஒரு சவாரி போட்டுங்க. ஒரு பொம்பள தண்ணில விழுந்துடுச்சு. புதுசா கல்யாணம் ஆன பொண்ணு. தலைமுடி விசிறில மாட்டிக்கினு... உள்ள இழுத்துடுச்சு. அந்த மாதிரி சாமான நடுக்கடல்ல கொண்டு போய் போட்டுடணும்பாங்க. போட்டுக்காரன் போடல, எனுக்கு வித்துட்டான்."

"ஏன்யா இத்த அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

அன்று ராத்திரி பூரா குமரேசன் தூங்கவில்லை. லெக்கைவிட, நகத்தைவிட, அவருக்குத் தன்னைப் பார்த்தால்தான் அதிக அருவருப்பாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் குப்பத்தில் ஒருத்தனும் அவர் கடைப் படி ஏற மாட்டான். மெக்கானிக்குக்குப் பெயர் போனால் என்ன இருக்கிறது? பத்து நாள் போகட்டும், புது லெக் வாங்கி நைசாக மாற்றிவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் மூன்றாவது போன் வந்துவிட்டது. நாளை விடியற்காலை சவுரிராயன் கட்டாயம் கடலுக்குப் போகிறார். அதுதான் அந்த உச்சிப்பொழுது, அந்த உப்பளத்து ரோடு.

துறையில் சக்கரத்தை மாற்றினார். உள்ளே இருந்ததை இந்தத் தடவை பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வழித்துப் போட்டார்.

"இந்த வாட்டியாச்சும் ஓடுமாண்ணா?" என்றார் சவுரிராயன்.

"ட்ரம்ல லோடு இல்லப்பா, அதான் அங்க ஓடுது. இன்னிக்கு நானே ஓட்டிப் பாக்கறேன். கழில உள்ளாண்ட போவலாம், கடல் பக்கம் வேணாம்."

படகு கிளம்பியது. குமரேசன் பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சவுரிராயன் நடுப் பலகையில், நட்ட நடுவில், அவரைப் பார்த்து உட்கார்ந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. காற்று இல்லை.

மோட்டாரின் பின்பக்கம் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். என்ஜினைக் குளிர வைத்த தண்ணீர் அது வழியாகப் பீச்சும், குழந்தை ஒன்றுக்குப் போகிற மாதிரி. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நாலாவது நிமிஷம் குமரேசன் விரலை நீட்டினார்.

ஐஸ்.

வெடுக்கென்று கையை எடுத்தார். கத்திரி வெயிலில் என்ஜின் மூடி வியர்த்திருந்தது. அந்தப் புளித்த நாற்றம் குப்பென்று கிளம்பியது. ஐந்து நிமிஷம்... ஓட்டையிலிருந்து தண்ணீர் குறைந்தது. ஆறு... தண்ணீரோடு சேர்ந்து ஒரு முடி வெளியே வந்தது. இன்னொன்று. பிறகு கொத்தாக, தலை வாருகிற மாதிரி மெதுவாக இறங்கி, அவர் மணிக்கட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது.

ட்ர்ர்ர்... டப்.

நின்றுவிட்டது.

அப்படி ஒரு அமைதியை அவர் கேட்டதே இல்லையாம். படகு தானாக மெல்லத் திரும்பியது. மூக்கு கடல் பக்கம் போய் நின்றது. குமரேசன் மணிக்கட்டைப் படகு விளிம்பில் தேய்த்தார், தேய்த்தார், தோல் வழண்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் சவுரிராயன் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை இந்த மனுஷன் இதை மாட்டிக்கொண்டு அந்த அலைக்கு நடுவே போவார். குமரேசனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"சவுரி... இந்த லெக்கு புதுசு இல்லப்பா. காயலாங்கடைல வாங்கினது. ஒரு பொம்பள அடிபட்டு செத்த போட்டோடது. நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். நீ இத்த மாட்டிக்கினு கடலுக்குப் போவாதப்பா. உன் கால்ல விழறேன்."

அழுதுவிட்டார். மூக்கு ஒழுகியது, துடைக்கக்கூட இல்லை. எவ்வளவு அசிங்கம் பார்க்கிற ஆள்!

சவுரிராயன் கோபப்படவில்லை.

"தெரியும்ணா," என்றார்.

"தெரியுமா?"

"மொத நாளே அந்தம்மா சொல்லிடுச்சு. நீ எப்ப வாயத் தொறப்பேன்னுதான் ரெண்டு பேரும் பாத்துக்கினு இருந்தோம்."

சொல்லிவிட்டுப் பலகையில் இடது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார், பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி. அவர் நகர்ந்தது இடது பக்கம். அப்போது படகு எந்தப் பக்கம் சாய வேண்டும்? இடது பக்கம்தானே?

வலது பக்கம் சாய்ந்தது.

"இப்ப இழுண்ணா," என்றார் சவுரிராயன். ஒரே இழுப்பு. மோட்டார் பிடித்துக்கொண்டது. குமரேசன் கரை வருகிறவரை தன் கால் கட்டை விரலை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். துறையில் இறங்கினவர் சாமான் பையைக்கூட எடுக்கவில்லை.

ஆனால் மனசு கேட்குமா? கைக்காசு போட்டு, நிஜமாகவே புது லெக் ஒன்று வரவழைத்தார். பத்தாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். சவுரிராயனின் சம்சாரம் அமலா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"புது லெக்கு கொண்டாந்திருக்கேன்மா. அந்தப் பழசக் கழட்டிடலாம். எங்க அவன்?"

"கடலுக்குப் போயிருக்காருண்ணா. பழசத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. இப்பதான் மோட்டாரு நிக்கறதே இல்லியே. வீட்டுக்கு வர்றதே சாப்பாடு எடுத்துக்கினு போறதுக்குத்தான்."

குமரேசன் லெக்கை மணலில் வைத்துவிட்டு நின்றார். அமலா ஒரு மூடின டிபன் பாக்ஸை எடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை எட்ட நீட்டிப் பிடித்தாள்.

"தினமும் ரெண்டு டப்பா கட்டச் சொல்றாருண்ணா. ரெண்டும் காலியாத்தான் வருது. ஒண்ணக் கழுவிடுறேன். இது மட்டும்... தொறந்தாலே கொமட்டுது. இந்தப் புளிச்ச நாத்தம் போறதுக்கு எதுனா உங்கிட்ட இருக்குமாண்ணா?"