பிடுங்காத முன்பல்

எனது பெயர் மரியநாயகம் அலோசியஸ். வயது முப்பத்தொன்று. கத்தோலிக்கன். வட்டவளையை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் பாடசாலையில் ஆசிரியர். அங்கேயே குவாட்டர்ஸில் மனைவி சிசிலியுடன் வசிக்கிறேன்.

1981 பெப்ரவரியில் சிசிலியின் மேல் முன்பல் ஒன்று கறுத்து ஈறு வீங்கியது. அதன் பிறகு அவளை ஹட்டன் பஸாரில் பல் வைத்தியர் வீரபத்திரனிடம் அழைத்துச் சென்றேன். அவர் அங்குள்ள ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மகன், என்னைவிட இளையவர். பிடுங்குவதற்கென்றே சென்றோம். தோட்டத்தில் பல்வலிக்கு அதுதான் வைத்தியம். டிஸ்பென்சரியில் ஒருவர் தலையைப் பிடிப்பார், ஒருவர் இழுப்பார். என் கடைவாய்ப் பற்கள் அப்படித்தான் போயின.

வைத்தியர் பிடுங்கவில்லை. ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். சூடு கூசுகிறதா, கடித்தால் நோகிறதா என்று கேட்டார். இரவில் வலி எழுப்புகிறதா என்றும் கேட்டார். பல மாதமாக எழுப்புகிறது என்றாள் சிசிலி. பக்கத்தில் படுப்பவன் நான். எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அவர், நரம்பு செத்துவிட்டது, வேர் உறுதி, உள்ளே சுத்தம் செய்து மருந்து வைத்து மூடினால் பல் நிற்கும், அதற்கு வாரம் ஒருமுறையாகச் சில தடவை வர வேண்டும் என்றார். அவளிடம்தான் சொன்னார். அவள் என்னைப் பார்க்காமலே சரி என்றாள்.

அதன் பிறகு தனியாக பஸ்ஸில் போய்வந்தாள். முந்தானையால் வாயை மறைத்துச் சிரிப்பவள், மறைப்பதை விட்டாள். பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பூரணி, தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் என்னிடம், "ஒரு பல்லுக்கு எத்தன நடைங்க மாஸ்டர்? எங்க வீட்டுக்காரருக்கு ஒரே நாள்ல மூணப் புடுங்கிட்டாங்க. டாக்டரு எளவட்டமோ?" என்று கேட்டாள். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு சென்ற வெள்ளிக்கிழமை, அவளுக்குச் சொல்லாமல் அடுத்த பஸ்ஸில் ஹட்டன் போனேன். வைத்தியர் அறையின் திரைச்சீலை விலகியிருந்தது. வைத்தியரின் இடது கை அவள் தாடையைத் தாங்கியிருந்தது. அவள் கண் மூடியிருந்தாள். ஒரு விரலை உயர்த்தினாள். அவர் உடனே நிறுத்தினார். அவள் தலையசைத்த பிறகே தொடர்ந்தார்.

நான் உள்ளே போய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னேன். 'டா' போட்டுச் சொன்னேன்.

"இன்னும் ஒரு தரம்தான் மாஸ்டர். பல்லைக் காப்பாத்திடலாம்" என்றார்.

அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தேன். அவர் பிடித்திருந்த மெல்லிய கம்பி வேருக்குள் ஒடிந்தது. சத்தம் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

அதன் பிறகு வைத்தியர் சிசிலியிடம், கம்பியை எடுக்கக் கண்டியில் முயன்று பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது, இல்லாவிட்டால் பல்லை எடுக்க வேண்டும், முடிவு உங்களுடையது என்றார்.

வைத்தியர் முறைப்பாடு எதுவும் இல்லை என்கிறார். முறைப்பாடு சிசிலியுடையது. வாயில் பஞ்சுடன் தனியே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு நடந்து வந்து கொடுத்திருக்கிறாள். என்னை அழைத்து வந்தபோது, என் முன்னாலேயே பொலிஸ் சார்ஜன்டிடம், "பல்லு போனா போகட்டும்ங்க. இவரோட நான் போகல" என்றாள். இப்போது பட்டிப்பொலயில் அக்காள் வீட்டில் இருக்கிறாள்.

அவளுக்கும் வைத்தியருக்கும் தகாத தொடர்பு இருந்ததாகச் சந்தேகித்தீரா என்று கேட்கப்பட்டது. இல்லை. அப்படி எதுவும் இல்லை என்பது உள்ளே போகும்போதே எனக்குத் தெரியும்.

இதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. உண்மையென்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ம. அலோசியஸ்