கஞ்சாவை விட்டவன்

சீனி கொஞ்சம் கூடிவிட்டது, ஆனாலும் நல்ல பிளேன்டீ, சேர். காலையிலிருந்து வாக்குமூலம் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துபோயிருந்தது.

கஞ்சா மயக்கத்தில் செய்ததாகச் சொன்னால் தண்டனை குறையும் என்கிறார் லோயர். "எம்புள்ள தங்கமான புள்ள, அந்தப் பாழாப்போன கஞ்சாதான்" என்று அம்மா உங்களிடமும் அழுதிருப்பார். கிருஷாந்தியும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

கட்டுகஸ்தோட்டையில் நான் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அவள் எதிரே புடவைக் கடையில் வேலை. இரண்டு வருடக் காதல். அவள் போனைத் திருத்திக் கொடுத்ததே நான்தான். அதனால் யாரோடு பேசுகிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிடும். அது அக்கறை, சேர். முதல்முறை அறைந்தபோது நான் கஞ்சா அடித்திருந்தேன். அவள் விரலை முறுக்கியபோதும் அப்படித்தான். மறுநாள் கண் கலங்கி, "நான் இல்ல புள்ள, கஞ்சா பண்ணுன வேல" என்பேன். உடனே இளகிவிடுவாள். அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கார்த்திகை பிறந்ததும் அவளே என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போய் ஐயப்பனுக்கு மாலை போடவைத்தாள். கஞ்சா இல்லை, சிகரெட் இல்லை, மீன் இறைச்சி இல்லை. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல். கறுப்பு வேட்டியைப் பார்த்து ஊரே என்னைச் சாமி என்றது. அவளும்தான். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஆனால் என் தலை தெளிந்துவிட்டது. புடவைக் கடை மெனேஜரோடு அவள் சிரிப்பது முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கடையின் மேல்மாடிக்கு வரவழைத்து அதைப் பற்றிக் கேட்டேன். கேட்டுக்கொண்டே அவள் போனைச் சுவரில் அடித்தேன். அவள் அழவில்லை. என் கண்ணையே பார்த்தாள்.

"இன்னைக்குக் கஞ்சா அடிக்கலதானே, சாமி? அப்ப இவ்வளவு நாளும் நீங்கதான். நான் போறேன். இனி வரமாட்டேன்."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவள் சொன்னதில் பிழையில்லை. அதைத் தெரிந்துகொண்டவளை வெளியே போகவிட முடியுமா? கதவைப் பூட்டினேன். மாலை போட்டவன் பெண்ணைத் தொடக்கூடாது. அதனால் மாலையைக் கழற்றிச் சாமிப் படத்தின் முன்னால் வைத்தேன். பிறகுதான் அவள் கழுத்தைப் பிடித்தேன். அசைவு நின்ற பிறகே விட்டேன். குளித்துவிட்டு மாலையை மறுபடி போட்டுக்கொண்டேன்.

ஆகவே கஞ்சா என்று எழுதாதீர்கள், சேர். ஒரு இழுவைகூட இழுக்கவில்லை. நான் விரதத்தைக் கெடுக்கவில்லை என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.