பின்ரூம் வரைக்கும் போற சிக்னல்

— இன்னாங்க நீங்க, நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்றீங்க. ரூட்டர்ல அந்த டூ பாயின்ட் ஃபோர் சிக்னல ஆஃப் பண்ணட்டுமா, வேணாமா?

— வேணாம் தென்றல். சும்னே இரு. ரெண்டும் ஓடட்டும்.

— ரெண்டும் ஓடினா லாப்டாப் தானா அதுல போய் ஒட்டிக்குது. நம்ம லைன் வீடுங்க அத்தினி பேரு வைஃபையும் அதுலதான் மொய்க்குது. நேத்து மீட்டிங்ல பேசிகினு இருக்கும்போதே என் மூஞ்சி வாயத் தொறந்தபடி நின்னுபோச்சு. மம்தா மேடம் இன்னா சொன்னாங்க, தெரியுமில்ல?

— தெரியும்.

— இன்னொரு வாட்டி கட் ஆச்சுனா பெங்களூரு ஆபீஸுக்கே வந்துடுன்னாங்க. நானும் உங்கள மாதிரி காலையில ரயிலேறிட்டா எங்க நைனாவ யாரு பாத்துக்குவாங்க? நீங்க பங்காருபேட்டை ஸ்டேஷன்ல நின்னுகினு சும்னே இருன்னுவீங்க.

— பாரு, நீ ஹால்ல ரூட்டர் பக்கத்துலயே குந்து. இன்னொரு சிக்னல், ஃபைவ், நல்லா புடிக்கும்.

— குந்தினுதான் கீறேன். இப்போ கூப்பிடுவாங்க. ஃபைவ் மட்டும் இருந்தா படம் பளிச்சுனு வருதுங்க. அப்புறம் அந்த இன்னொண்ணு எதுக்கு?

— பாரு, வெள்ளைக்காரன் காலத்து கல்லு சுவரு. ஃபைவ் அதத் தாண்டாது. பின்ரூமுக்குப் போறது டூ பாயின்ட் ஃபோர்தான்.

— அதான் கேக்கறேன். பின்ரூம்ல நைனா படுத்துகினு கீறாரு. அவருக்கு எதுக்கு வைஃபை?

— இருக்கட்டும், வுடேன்.

— உங்களுக்கு நான் வேலை பாக்கறதே புடிக்கல. அதான் நெஜம்.

— அப்படியெல்லாம் பேசாத.

— பேசுவேன். ஆஃப் பண்ணியும் ஆச்சு.

— எப்போ?

— உங்களுக்குப் போன் போடறதுக்கு முன்னாடியே. ஒரு வார்த்த கேட்ட மாதிரி இருக்கட்டும்னு கேட்டேன்.

— அதான் படம் வரலியா. ஸ்டேஷன்ல நெட் இல்லன்னு நெனைச்சிகினு இருந்தேன். உடனே ஆன் பண்ணு.

— இன்னா படம்?

— மாமா ரூம்ல நைட் லேம்ப் ஒண்ணு மாட்டினேனே, அது கேமரா தென்றல். டூ பாயின்ட் ஃபோர்லதான் ஓடும். நெட் போச்சுனா அந்த லைட்டும் அணைஞ்சிடும்.

— எங்க நைனாவுக்கு கேமராவா? திருடனா அவரு?

— நீ ஹெட்போன் மாட்டிட்டா இடி விழுந்தாலும் கேக்க மாட்டே. அந்த நேரம் பாத்து அவரு பின்கதவத் தொறந்துகினு மார்னிங் ஷிப்ட்டுக்குப் போறாரு. தங்க மைன்ஸ மூடிட்டாங்கன்றதே அவருக்கு மறந்துபோச்சு. போன வாரம் சாம்பியன் ரீப்ஸ் ஷாஃப்ட், அந்த ஆழக் குழி வேலிகிட்டயே போயிட்டாரு. நான் ரயில்ல இருந்து பாத்து பக்கத்து வூட்டு வால்டருக்கு போன் போடுவேன். அவருதான் ஓடிப்போய் கூட்டினு வந்து படுக்க வெப்பாரு.

— என்கிட்ட ஏங்க சொல்லல?

— சொல்லியிருந்தா அன்னிக்கே வேலைய வுட்டிருப்பே. நீ ஆசப்பட்டு வாங்கின வேலை.

— உங்களப் போய் நான்...

— அத அப்பால பேசிக்கலாம். போய் மாமாவப் பாரு. அவரு கிளம்பற நேரம் இது.

— லாப்டாப்ல மம்தா மேடம் கால் வருதுங்க.

— தென்றல்...

— வரட்டும். அடிச்சு ஓயட்டும். போனை வெச்சுடாதீங்க, அதுலயே லைட்டு போட்டுகினு உள்ள போறேன். ஜன்னலெல்லாம் சாத்தி ஒரே இருட்டா கீது. கட்டில்ல ஆளக் காணோங்க. ஷூவும் இல்ல.

— பின்கதவு?

— தாழ்ப்பா எடுத்து கீது.

— வால்டருக்குப் போடறேன், நீ வெளிய ஓடு.

— இருங்க, இருங்க. கதவு மூலையில... நைனா? தரையில குந்தினு இன்னா பண்றீங்க?

— யாரும்மா அது? கதவத் தொறக்கப் போனேன், விளக்கு அணைஞ்சிடுச்சு. மைன்ஸ்ல விளக்கு அணைஞ்சா ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது, அங்கயே குந்திடணும். வெளிச்சத்த எடுத்துகினு யாராச்சும் தேடி வருவாங்கன்னு தெரியும், வந்துட்ட பாரு.