பின்னாடி நட்டு

— போதும், ஆஃப் பண்ணுங்க மாப்பிள்ளை. ஷெட்டெல்லாம் புகை.

— இன்னும் இருமுது மாமா.

— இருமட்டும். உங்க வயசைவிட டபுள் வயசு இந்த கார் இன்ஜினுக்கு. சின்ன கார்புரேட்டர்லயே காலம் தள்ளினதுக்குத் திடீர்னு பெருசா ஒண்ணை மாட்டினா... கொஞ்சம் அடம் பிடிக்கத்தான் செய்யும்.

— இன்ஜின் மேல பழி போடாதீங்க. எங்கேயோ காத்து இழுக்குது.

— கார்புரேட்டரைத் தாங்குற மேனிஃபோல்ட் குழாய்ல நீங்க வெல்டிங் வச்ச இடமா இருக்கும்.

— ஆரம்பிச்சுட்டீங்களா... தண்ணியில முக்கி, காத்தடிச்சுப் பார்த்தோமே. ஒரு குமிழி வந்துச்சா?

— வரல.

— மேல்பக்கத்தை அறுத்தது நீங்க. கோணலா அறுத்ததும் நீங்க.

— சரி, அதுல பிளேட் வச்சு நேராக்கின பெருமையை நீங்களே வச்சுக்குங்க. அந்தக் குழாயைப் பிடிச்சிருக்கிற பின்னாடி நட்டை ஒழுங்கா முறுக்கினீங்களா?

— நான் முறுக்காம? உங்க குண்டு விரல் அந்தச் சந்துக்குள்ள நுழையுமா என்ன?

— நுழையாது. அன்னிக்கு முயற்சி பண்ணி, தோல் உரிஞ்சதுதான் மிச்சம். இந்தாங்க, டீ ஆறிடப் போகுது.

— யாரு போட்டது?

— நான்தான். அவ மாடியில இருக்கா... நீங்க வந்துட்டுப் போற வரைக்கும் கீழ வரமாட்டா.

— அதுக்குக் கேக்கல மாமா. சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கீங்க, அதான்.

— குடிங்க, ஒண்ணும் ஆகாது.

— மாமா... இன்னும் என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிடாதீங்க. கோர்ட்ல விவாகரத்தே முடிஞ்சாச்சு. அவ காதுல விழுந்தா சங்கடம்.

— நீங்க மட்டும் மாமான்னு கூப்பிடலாமாக்கும்?

— வேற எப்படி... சார்னா?

— கூப்பிட்டுத்தான் பாருங்க. ஸ்பேனர் பறந்து வரும்.

— நேத்து அவ ஏதாவது சொன்னாளா?

— அதேதான். "வண்டி ஒழுங்கா ஓடுற வரைக்கும் வரட்டும்பா, அதுக்கப்புறம் வேண்டாம்"னா. கோபமா சொல்லல. கண்ணெல்லாம் கலங்கிப்போய் சொன்னா.

— அவ சொல்றது நியாயம்தான் மாமா. தன் வீட்டுலயே கதவைச் சாத்திக்கிட்டு எத்தனை நாள் உட்காருவா?

— நான் இல்லைன்னேனா? என் மக நிம்மதியா இருக்கணும். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில உங்க பைக் சத்தம் கேட்டாதான் எனக்குச் சாப்பாடே இறங்குது... விடுங்க. அந்த கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை எடுங்க. நான் ஸ்டார்ட் பண்றேன்.

— அடுத்த வாரம் பார்த்துக்கலாமே. எனக்கும் கொஞ்சம் தலைவலி...

— இன்னிக்கே பார்ப்போம். அவளுக்கு வாக்கு குடுத்திருக்கேன். ம்... அடிங்க. காத்து இழுக்கிற இடத்துல பட்டா சத்தம் ஏறும்.

— எனக்கே பாடமா? நடுவுல அடிக்கிறேன்... ஏறல.

— முன்னாடி?

— முன்னாடி... ஆமா, ஏறுது. இந்த நட்டு லூஸ் மாமா. கையாலேயே சுத்துது.

— நான்தான் லூஸ் பண்ணேன்.

— நீங்களா?

— போன வாரம், நீங்க கிளம்பினதும். அதுக்கு முந்தின வாரமும்தான். வண்டி ஓடிட்டா நீங்க வரமாட்டீங்களேன்னு... இந்த வயசுல திருட்டுப் புத்தி. சிரிக்காதீங்க.

— சிரிக்கல மாமா.

— இறுக்கிடுங்க. பெத்த பொண்ணை ஏமாத்திக்கிட்டு எத்தனை நாள்... போதும்.

— இறுக்கிட்டேன்.

— அப்பாடா. இனி பூ மாதிரி ஓடும் பாருங்க... என்ன இது? இன்னும் இருமுதே?

— விட்டுடுங்க மாமா. ஆஃப் பண்ணுங்க.

— இருங்க, இறங்கி வர்றேன். அந்த ஸ்ப்ரேயை இப்படிக் குடுங்க.

— எதுக்கு மாமா, நான் பார்த்துக்கறேன்...

— குடுங்கன்னா. பின்னாடி ஒரு தடவை அடிச்சு... கேட்டீங்களா? ஏறுது. பின்னாடி நட்டும் லூஸ். ஆனா இதை நான் தொடவே இல்ல மாப்பிள்ளை, சத்தியமா. இங்கதான் என் கையே போகாதே...

— என் கை போகும் மாமா.