நாற்பத்தொரு பேர் இல்லாத கட்டுரை

மேடையில் வீற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, மலர்வளையத்தோடு வந்திருக்கும் நெசவாலை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, மாணவர்களே!

நீங்கள் 'எப்படி ஐயா' என்று அழைத்த பேராசிரியருக்காகக் கூடியிருக்கிறோம். அவருடைய அறைக்கு அடுத்த அறையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் நான். யார் எதைக் கொண்டுபோனாலும் அவரது முதல் கேள்வி, "எப்படி அளந்தே?" ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு என்று கற்பித்த பேராசான் அவர்! முதலில் ஆய்வுமுறை. அடுத்துக் கண்டறிந்தவை. பிறகு விவாதம், அதற்குள் 'வரம்புகள்', அதாவது நமக்குத் தெரியாதது எது என்ற ஒப்புதல். முன்னுரை அதற்கும் பின்னால். முடிவுரை, சுருக்கம், தலைப்பு எல்லாம் கடைசியில்.

ஒரு மாணவர் வந்து நின்றார். "சார், முடிவுரைய எழுதிட்டேன். இனிமே அளக்க வேண்டியதுதான்."

"ஏம்பா, கல்யாணமே ஆகல, அதுக்குள்ள பிள்ளைக்குப் பேரு வச்சிட்டியா?"

அப்படிப்பட்டவர் மறைந்து ஐந்து வாரம். அவரது கடைசிக் கட்டுரை வெளிவந்து ஆறு நாள். ஓராண்டு காக்கவைக்கும் இதழ் மூன்றே வாரத்தில் ஏற்றுக்கொண்ட அதிசயம்! துறைத்தலைவர் பெயர் முதலில், அவர் பெயர் இரண்டாவதாக. முடிவுரை என்ன? ஆலை இரைச்சலால் தொழிலாளர் காதுகளுக்குத் தீங்கில்லையாம்!

அவர் என்னிடம் படிக்கத் தந்த பிரதியில் முடிவுரையே இல்லை. 'வரம்புகள்' இருந்தது. ஆலையில் சோதித்த இருநூற்றுப் பத்துப் பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் நாற்பத்தொரு பேர் இடையில் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைச் சோதிக்காமல் எதுவும் சொல்ல இயலாது என்று எழுதியிருந்தார். அச்சில் அந்தப் பக்கத்தைக் காணோம். எங்கே போனது?

அவர் இறந்த நான்காம் நாள், அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துப்போக அவர் துணைவியாரான நம் அண்ணி வந்தார். அறையில் புதுப் பூட்டு.

"எல்லாம் பத்திரமா இருக்கு அண்ணி. கட்டுரைய நாங்களே முடிச்சு அனுப்பிடுறோம். அவருக்கு ஒரு மரியாதையா இருக்கும்" என்றார் துறைத்தலைவர்.

"இன்னும் முடிக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியிலகூடச் சொல்லிட்டிருந்தாரே தம்பி."

யார் காதில் விழுந்தது?

நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. கேட்கிறேன். பூட்டியது யார்? பக்கத்தை நீக்கியது யார்? நம் துறையின் துக்கத்தில் ஆலை மேலாளருக்குப் பங்கு வந்தது எப்படி? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாற்பத்தொரு மனிதர்களை எந்தச் சோற்றில் மறைப்பீர்கள்?

அந்தப் பிரதி இன்று காலை இதழாசிரியருக்குப் போய்விட்டது. அந்த முடிவுரையோடு சேர்ந்து நிற்கும் அவர் பெயரை எடுக்கும்வரை ஓயமாட்டேன். அவர் விட்ட இடத்திலிருந்து பணியையும் தொடங்கிவிட்டேன். நாற்பத்தொருவரில் ஏழு பேரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஐந்து வீடுகளில் கதவைத் திறந்த மனைவிமார் சொன்னது ஒன்றுதான்: "கிட்டப் போயி சத்தமாப் பேசுங்க."

இன்னும் முப்பத்துநான்கு வீடுகள் இருக்கின்றன. முடிவுரையை அதற்குப் பிறகு எழுதுகிறேன், ஐயா.