வைக்கோல் கன்று

அடம்பனில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். மூத்தவர் மன்னார் ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளைப் பார்க்கப் போகிறார்.

"செத்தாப்பிறகுதான் அந்தக் கண்டுக்குட்டி என்ரை பிள்ளையோடை விளையாடத் தொடங்கினது" என்றார்.

"என்னக்கா சொல்லுறீங்கள்?"

"கழிச்சல் வந்து செத்தது. தாய்மாடு பால் சுரக்கோணுமெண்டு தோலை உரிச்சு, வைக்கோல் அடைச்சு நிப்பாட்டினனாங்கள். இவள் அதைக் கட்டிப்பிடிச்சபடியே திரிஞ்சவள். இப்ப ரத்தமாப் போகுது. கண்டுக்குட்டியின்ரை வயித்திலை இருந்த கிருமிதானாம். கண்டு செத்தாலும் அது சாகேல்லையாம்."

"அந்த வைக்கோல் கண்டை எரிச்சிட்டீங்கள்தானே?"

"எரிச்சா மாடு பால் தராதே."

பஸ் கடல் பாலத்தில் ஏறியது.

"இண்டைக்கு விடிய எங்கடை வீட்டுக்கு நீங்கள் ஊத்தினதும் அந்தப் பாலோ, அக்கா?"

"காய்ச்சித்தானே குடிச்சனீங்கள்?"

இளையவரின் கை மெதுவாக வயிற்றுக்குப் போனது.